லினக்ஸ் கெர்னல்: பராமரிப்புப் பொறுப்பு பகிரப்பட்ட வரலாறு

லினக்ஸ் கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, நினைவகம், வட்டு, வலையமைப்பு முதலியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் ஆகும். ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இணைய வழங்கிகளில் பெரும்பகுதியும் இதன்மேல்தான் இயங்குகின்றன. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றுவருபவை அனைத்தும் லினக்ஸ் கணினிகளே.

இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகளைக் கொண்ட இந்தத் திறமூல மென்பொருளை 1991இல் ஒரு மாணவர் தனியாகத் தொடங்கினார். இப்போது அதை நூற்றுக்கணக்கான பராமரிப்பாளர்கள் கவனித்துவருகின்றனர். ஒருவர் கையில் இருந்த பொறுப்பு பலர் கைக்கு எப்படிச் சென்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்தப் பகிர்வை யாரும் முன்கூட்டியே திட்டமிடவில்லை. நெருக்கடி வந்தபோதெல்லாம் பொறுப்பின் ஒரு பகுதி கைமாறியது.

பராமரிப்பு என்னும் வேலை

நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதிய நிரலைப் பராமரிப்பது வேறொரு வேலை. திறமூலத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் நிரலில் ஒரு மாற்றத்தைச் செய்து அனுப்பலாம். நிரலாளர்கள் இதனைப் 'பேட்ச்' என்பர். தமிழில் திருத்தம் எனலாம். வந்த திருத்தத்தைப் படித்துப் பார்ப்பது, சோதிப்பது, குறையைச் சுட்டித் திருப்பி அனுப்புவது, தகுதியுள்ளதைச் சேர்ப்பது, சேர்த்தபின் கோளாறு ஏற்பட்டால் அதற்குப் பதில் சொல்வது ஆகிய அனைத்தும் பராமரிப்பாளரின் கடமைகள். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடலாம். நிரல் புழக்கத்தில் உள்ளவரை பராமரிப்பாளர் இருந்தாக வேண்டும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் சிலரே. திறமூலத் திட்டத்தில் பராமரிப்பாளரின் இடம் அத்தகையது. ஆகவே பராமரிப்பைப் பகிர்வது என்பது வேலையைப் பங்கிடுவதோடு முடிவதில்லை. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்தே பகிர வேண்டியிருக்கிறது. லினக்ஸின் வரலாற்றில் சிக்கல் எழுந்த இடமும் இதுவே.

ஒருவர் கையில் இருந்த காலம்

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று தாம் ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக மினிக்ஸ் பயனர்களின் இணையக் குழுவில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த மாதமே 0.01 என்னும் முதல் பதிப்பு வெளியானது. அதில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. 1992இல் குனூ பொது உரிமத்தின்கீழ் லினக்ஸ் கொண்டுவரப்பட்டது. இதனால் அதைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் அனைவருக்கும் உரிமை கிடைத்தது.

திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. டோர்வால்ட்ஸ் அவற்றைத் தாமே படித்து, தமது கணினியில் இருந்த நிரலில் சேர்த்து, புதிய பதிப்பாக வெளியிட்டார். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது நிரல் 1,76,250 வரிகளாக வளர்ந்திருந்தது.

பொறுப்பு முதலில் பகிரப்பட்டது வலையமைப்புப் பகுதியில்தான். வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் இருந்த ஆலன் காக்ஸ், லினக்ஸைப் பயன்படுத்தியபோது வலையமைப்பு நிரலில் பல பிழைகளைக் கண்டு ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினார். நாளடைவில் அப்பகுதியின் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது. யாரும் அவரைத் தேர்வு நடத்தி நியமிக்கவில்லை. பிழை திருத்துவதில் அவர் காட்டிய தொடர்ச்சியே அவருக்குத் தகுதியானது. பின்னாளில் லினக்ஸின் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் உருவான வழியும் இதுதான்.

பொறுப்பாளர் பட்டியல்

1990களின் நடுப்பகுதியில் மூல நிரலுடன் 'மெயின்டெய்னர்ஸ்' என்னும் ஒரு கோப்பு சேர்க்கப்பட்டது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, யாருக்குத் திருத்தத்தை அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும் எளிய பட்டியல் அது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

அப்பட்டியலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்படுகிறது. ஊதியம் பெற்று ஒருவர் கவனிக்கும் பகுதி ஒரு நிலை. ஊதியம் இன்றியும் ஒருவர் கவனித்துவரும் பகுதி அடுத்த நிலை. பொறுப்பாளர் இருந்தும் நேரம் இல்லாததால் அவ்வப்போது மட்டும் திருத்தம் பெறும் பகுதி மற்றொரு நிலை. பொறுப்பாளரே இல்லாத பகுதிக்கு 'அநாதை' என்னும் பொருள் தரும் சொல் இடப்படுகிறது. கவனிப்பார் இல்லை என்பதை மறைக்காமல் எழுதிவைக்கும் இந்த வழக்கம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் புதிதாக வரும் ஒருவர் எங்கே உதவி தேவை என்று அறிந்துகொள்ள அது பெரிதும் பயன்படுகிறது.

1998: முதல் நெருக்கடி

பட்டியல் இருந்தபோதிலும் இறுதியில் எல்லாத் திருத்தங்களும் ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்கே வந்தன. 1998இல் டோர்வால்ட்ஸ் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்; வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அனுப்பிய திருத்தங்களுக்குப் பதில் வராமல் போனது. சேர்க்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, தொலைந்ததா என்பதே அனுப்பியவர்களுக்குத் தெரியவில்லை. மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்ப்பதே ஒரே வழியாக இருந்தது. சிலர் தங்கள் திருத்தங்களை வேறொரு வழங்கியில் தனியாகத் திரட்டத் தொடங்கினர். இதனால் ஒரே நிரல் இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது.

செப்டம்பர் இறுதியில் வாக்குவாதம் முற்றி, டோர்வால்ட்ஸ் சில நாட்கள் விலகி நின்றார். திட்டம் வளர்வதற்கு ஏற்ப ஒரு மனிதரின் உழைப்பு வளராது என்னும் உண்மையை அப்போது அனைவரும் உணர்ந்தனர். லாரி மெக்வாய் என்னும் நிரலாளர், இந்த நெருக்கடிக்குத் தீர்வாக ஒரு புதிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை முன்மொழிந்தார். அதுவே பின்னர் பிட்கீப்பர் என்று பெயர் பெற்றது.

பழைய பதிப்புகளைக் கைமாற்றுதல்

இக்காலத்தில் வேறொரு வகையிலும் சுமை குறைக்கப்பட்டது. புதிய வளர்ச்சிப் பணிகளை டோர்வால்ட்ஸ் வைத்துக்கொண்டு, மக்கள் பயன்பாட்டில் உள்ள நிலையான பதிப்புகளை மற்றவரிடம் ஒப்படைத்தார். 2.2 வரிசையை ஆலன் காக்ஸ் கவனித்தார். 2001 நவம்பரில் 2.4 வரிசை பிரேசிலைச் சேர்ந்த மார்செலோ டொசாட்டி என்பவரிடம் சென்றது. அப்போது அவருக்கு வயது 18. ஒப்படைக்கப்பட்ட 2.4.15 பதிப்பில் கோப்பு முறைமையைச் சேதப்படுத்தும் ஒரு கடும் பிழை இருந்தது. அதைத் திருத்தி 2.4.16 பதிப்பைச் சில நாட்களில் வெளியிட்டதே அந்த இளைஞரின் முதல் பணியாக அமைந்தது.

2002: மறுக்கப்பட்ட யோசனை

2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி என்னும் நிரலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். சிதறி வரும் சிறு திருத்தங்களையெல்லாம் திரட்டி, ஒழுங்குபடுத்தி டோர்வால்ட்ஸிடம் சேர்ப்பதற்கென்றே ஒருவரை நியமிக்கலாம் என்பது அதன் சாரம். பலர் இதை வரவேற்றனர். டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை.

அவருடைய மறுப்பில் ஒரு கருத்து அடங்கியிருந்தது. நூற்றுக்கணக்கானோரின் நிரலைத் தாம் நேரடியாகப் படித்து நம்ப இயலாது. தமக்கு நன்கு தெரிந்த சிலரையே நம்ப முடியும். அவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வேறு சிலரை நம்புவார்கள். அந்த வலைப்பின்னல் வழியாகவே திருத்தங்கள் வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நடுவில் ஓர் எழுத்தரை அமர்த்தினால் அஞ்சல் பெட்டியின் சுமை குறையும். ஆனால் முடிவெடுக்கும் சுமை அப்படியே இருக்கும். வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. திருத்தங்கள் தொலைகின்றன என்ற குறை உண்மையானது. நம்பிக்கையைப் பகிராமல் வேலையை மட்டும் பகிர்ந்தால் பயனில்லை என்ற பதிலும் உண்மையானதே.

இதன்பின் சில நாட்களிலேயே டோர்வால்ட்ஸ் பிட்கீப்பரைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதியின் பொறுப்பாளரும் முழு நிரலின் ஒரு நகலைத் தம்மிடம் வைத்து, அதில் திருத்தங்களைச் சேர்த்து, தொகுதியாக மேலே அனுப்ப அக்கருவி இடம் கொடுத்தது. பணியின் வேகம் கூடியது. ஆனால் பிட்கீப்பர் திறமூல மென்பொருள் அன்று. நிபந்தனைகளுடன் இலவசமாகத் தரப்பட்ட வணிக மென்பொருள். கட்டற்ற மென்பொருளை உருவாக்கக் கட்டுடைய கருவியை நாடலாமா என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் உள்ளிட்டோர் கண்டித்தனர்.

கையொப்பத்தின் தோற்றம்

2003 மார்ச்சில் எஸ்சிஓ என்னும் நிறுவனம், தனக்கு உரிமையான யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் சேர்க்கப்பட்டுவிட்டதாகக் கூறி ஐபிஎம் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. எந்த வரி யாரிடமிருந்து, யார் யார் கைவழியாக வந்தது என்று காட்ட வேண்டிய தேவை அப்போது எழுந்தது. 2004 மே மாதம் முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அதை எழுதியவரும், மேலே அனுப்பிய ஒவ்வொரு பராமரிப்பாளரும் தம் பெயரை ஒப்பமாக இட வேண்டும் என்ற முறை வந்தது. வழக்கிலிருந்து காப்பதற்காகத் தோன்றிய இந்த ஒப்பம், பொறுப்புச் சங்கிலியின் எழுத்துப் பதிவாகவும் ஆனது.

2005: கிட் பிறந்த கதை

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதன் தகவல் பரிமாற்ற முறையை ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்னும் ஆஸ்திரேலிய நிரலாளர் ஆராய்ந்து இணைக்கருவி எழுத முற்பட்டதே உடனடிக் காரணம். லினக்ஸின் பகிர்ந்த பராமரிப்பு முழுவதும் பிறருக்குச் சொந்தமான ஒரு கருவியை நம்பியிருந்ததன் ஆபத்து வெளிப்பட்டது.

டோர்வால்ட்ஸ் கெர்னல் பணியை நிறுத்திவிட்டு, ஏப்ரல் 3 அன்று கிட் என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். நான்கே நாட்களில் கிட்டின் சொந்த மூல நிரல் கிட்டிலேயே சேமிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் வெளியான கெர்னல் 2.6.12 கிட்டைக் கொண்டு நிர்வகிக்கப்பட்டது. எல்லோரிடமும் முழு வரலாறும் இருக்கும். யாரும் யாரிடமிருந்தும் மாற்றங்களை எடுத்துக்கொள்ளலாம். யாருடையதை எடுப்பது என்பது எடுப்பவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. 2002இல் டோர்வால்ட்ஸ் சொன்ன வலைப்பின்னலே இங்கே கருவியாக உருப்பெற்றது.

பராமரிப்புப் பகிர்வின் வரலாற்றில் கிட்டின் இரண்டாம் கட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2005 ஜூலை 26 அன்று, தொடங்கி நான்கு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், கிட்டின் பராமரிப்பை டோர்வால்ட்ஸ் முழுமையாக ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டவர் ஹமானோவே. உலகெங்கும் நிரலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவியாக அது வளர்ந்தது அவருடைய பொறுப்பில்தான். கெர்னலில் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறிக் கற்ற பாடத்தை டோர்வால்ட்ஸ் கிட்டில் தொடக்கத்திலேயே கடைப்பிடித்தார் எனலாம்.

ஒரு திருத்தத்தின் பயணம்

இன்றைய நடைமுறை பின்வருமாறு. ஒருவர் எழுதிய திருத்தம் முதலில் உரிய பகுதியின் பராமரிப்பாளருக்கும் அப்பகுதியின் மின்னஞ்சல் குழுவுக்கும் செல்கிறது. அங்கே பிறர் படித்துக் குறை சொல்கின்றனர். ஏற்கப்பட்டால் அது அப்பராமரிப்பாளரின் நிரல் கிளையில் சேர்கிறது. ஸ்டீபன் ராத்வெல் 2008இல் தொடங்கிய 'லினக்ஸ் நெக்ஸ்ட்' என்னும் கிளையில் எல்லாப் பகுதிகளின் மாற்றங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு, அவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன.

ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்கள் சேர்ப்புக் காலம். அப்போது டோர்வால்ட்ஸ் ஒவ்வொரு பராமரிப்பாளரிடமிருந்தும் மாற்றங்களைத் தொகுதியாகப் பெற்றுக்கொள்கிறார். அடுத்த ஏழெட்டு வாரங்கள் பிழை திருத்தம் மட்டுமே நடக்கும். இவ்வாறு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெறுகின்றன. வெளியான பதிப்புகளுக்குத் தொடர்ந்து பிழைத்திருத்தம் வழங்கும் நிலைப்பதிப்புப் பணியை 2005 மார்ச்சில் கிரெக் குரோவா ஹார்ட்மனும் கிறிஸ் ரைட்டும் தொடங்கினர்.

2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் தளத்தின் வழங்கிகளுக்குள் அந்நியர் புகுந்தது கண்டறியப்பட்டது. அதன்பின் தொகுதிகளை அனுப்பும் பராமரிப்பாளர், தாமே அனுப்பியதற்குச் சான்றாக மறையாக்க முறையில் கையொப்பமிடும் வழக்கம் வலுப்பெற்றது.

சுமை இடம் மாறியது

மேலே இருந்தவரின் சுமை குறைந்தபோது, அது மறைந்துவிடவில்லை. கீழே இருந்த பராமரிப்பாளர்களிடம் இறங்கியது. 1998இல் டோர்வால்ட்ஸ் இருந்த நிலையில் இப்போது பலர் இருந்தனர். எனவே இரண்டாம் கட்டப் பகிர்வு தேவைப்பட்டது.

இன்டெல் வகைக் கணினிகளுக்கான பகுதியைத் தாமஸ் கிளெய்க்ஸ்னர், இங்கோ மோல்னார், ஹெச். பீட்டர் ஆன்வின் ஆகிய மூவர் குழுவாகக் கவனித்தனர். ஒருவர் விடுப்பில் சென்றாலும் பணி நிற்கவில்லை. 2011இல் கைபேசிகளில் பயன்படும் ஆர்ம் நுண்செயலிகளுக்கான நிரல் ஒழுங்கின்றிப் பெருகுவதாக டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்டபோது, ஆர்ண்ட் பெர்க்மன் முதலியோர் சிறு சிறு கிளைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கூட்டாக ஏற்றனர். வரைகலைப் பகுதியிலோ பலருக்கு நேரடியாகத் திருத்தம் சேர்க்கும் உரிமை வழங்கப்பட்டது. தம் திருத்தத்தை மற்றொருவர் சரிபார்க்காமல் சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி.

2018: ஐந்து வார ஓய்வு

2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ், தமது கடுமையான மின்னஞ்சல்கள் சக நிரலாளர்களைப் புண்படுத்தியதற்காக வருத்தம் தெரிவித்து, பணியிலிருந்து சிறிது காலம் விலகினார். திட்டத்திற்குப் புதிய நடத்தை விதிகளும் அப்போது ஏற்கப்பட்டன. கெர்னல் 4.19இன் எஞ்சிய பணியைக் குரோவா ஹார்ட்மன் ஏற்று, அக்டோபர் 22 அன்று அப்பதிப்பை வெளியிட்டார். அதன்பின் டோர்வால்ட்ஸ் திரும்பினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் சில நாட்கள் விலகியபோது திட்டமே பிளவுபடுமோ என்று அஞ்சினர். இம்முறை பதிப்பு தடையின்றி வெளிவந்தது.

எனினும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கொள்ள முடியாது. 2023இல், ஆறு ஆண்டுகள்வரை பராமரிக்கப்பட்டுவந்த நீண்டகாலப் பதிப்புகளின் காலம் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பராமரிப்பாளர்களின் களைப்பும் ஆள் பற்றாக்குறையும் அவ்வாண்டு வெளிப்படையாகப் பேசப்பட்டன. நிறுவனங்கள் புதிய நிரல் எழுதுவோருக்குத் தரும் ஊதியத்தையும் நேரத்தையும், பிறர் நிரலைப் படித்துச் சரிபார்ப்போருக்கு அதே அளவில் தருவதில்லை.

பகிர்வு தவறிப்போன ஓர் எடுத்துக்காட்டு

பொறுப்பைப் பகிராவிட்டால் என்ன ஆகும், அவசரப்பட்டுப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருள் சான்று. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ள இச்சிறு மென்பொருளை ஒருவரே ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். பணி மெதுவாக நடப்பதாக 2022இல் அவருக்கு மின்னஞ்சலில் நெருக்குதல்கள் வந்தன. அதே காலத்தில் ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் தொடர்ந்து நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைய உதவும் நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர், அதைத் தோண்டிப் பார்த்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெருவாரியாகப் பரவும் முன்பே அது தடுக்கப்பட்டது.

தொடர்ந்து நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெறுவது என்பது ஆலன் காக்ஸ் வந்த அதே வழி. வேறுபாடு என்னவெனில், கெர்னலில் ஒருவரின் திருத்தத்தைப் பல கண்கள் பார்த்தன. எக்ஸ்இசட்டில் களைத்துப்போன இரண்டு கண்களே இருந்தன.

மதிப்பீடு

லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் பராமரிப்புப் பகிர்வு மூன்று தேவைகளை நிறைவேற்றிய பின்னரே நிலைபெற்றது. யார் எதற்குப் பொறுப்பு என்பது வெளிப்படையாக எழுதப்பட்டது. திருத்தம் வந்த வழி ஒப்பங்களால் பதிவு செய்யப்பட்டது. ஒவ்வொருவரும் முழு நகலுடன் தனித்து இயங்கக் கருவி கிடைத்தது. இவை யாவும் முடிவெடுக்கும் உரிமையைப் பிறரிடம் கொடுக்க ஒருவர் இசைந்த பிறகே பயன் தந்தன.

பகிர்வு ஒருமுறை செய்து முடிக்கும் காரியமும் அன்று. சுமை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய தோள்களில் சேர்கிறது. அங்கிருந்து மீண்டும் பகிரப்பட வேண்டியிருக்கிறது. பொறுப்பாளர் பட்டியலில் 'அநாதை' என்று குறிக்கப்பட்ட பகுதிகள் இன்றும் உள்ளன. நிரலாக்கம் கற்கும் ஒரு மாணவர் அவற்றில் ஒன்றைப் படித்து, ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பலாம். பராமரிப்பாளர்களில் பலர் அவ்வாறு தொடங்கியவர்களே.